அடி கறுத்த காய்கள்

நைனா,

இன்று காலை ஒரு காயைக் கிள்ளி எடுத்தேன். மேலிருந்து பார்த்தால் நல்ல காய். பச்சை வெளுத்து, சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது. திருப்பினால் அடியில் கறுப்பு. சட்டைப் பித்தான் அளவுக்குத் தோல்போல் காய்ந்து உள்வாங்கிய கறுப்பு. குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டும் தக்காளி இலையின் வாசனை விரலை விட்டுப் போகவில்லை. உங்கள் கை எப்போதும் இந்த வாசனையோடுதான் இருக்கும். வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடையாறில் நாம் குடியிருந்த அந்தப் பழைய கட்டடத்தில் உங்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. உங்கள் மகன் முரளி நைனா என்பான். அதனால் எல்லா வீட்டுக்கும் நீங்கள் நைனா. கிண்டியில் ஒரு பட்டறையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் நீங்களும் சரோஜா அக்காவும். இரண்டாம் மாடியில் நானும் அந்தோணியும். அதற்கு மேலே மொட்டை மாடி, அதில் அக்காவின் செடிகள். பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் சாணமும் கலந்து நிரப்பி, அக்காதான் தக்காளி வைத்தாள். நீங்கள் குச்சி நட்டுக் கட்டிக் கொடுப்பீர்கள். துணி காயப்போட நான் வரும்போதெல்லாம் நீங்கள் இருவரும் எதையாவது பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். "இன்னா கட்டு கட்டிக்கீற? செடியா, கைதியா?" என்று அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை. அதன் பிறகும் நீங்கள் செடிகளை விடவில்லை. அக்கா இருந்தபோது பேசியதைவிட அப்போது அதிகம் பேசினீர்கள், செடியிடம். நான் கேட்டும் கேட்காதவள்போல் துணியை உதறிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன்.

பிறகு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வீடாகக் காலியானது. முரளி உங்களைப் பெருங்குடியில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். காரில் ஏறுவதற்கு முன் நீங்கள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பிலோம்மா, செடியப் பாத்துக்க. அவ வெச்சது." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மந்தைவெளியில் நாங்கள் பேசிவைத்திருந்த வீட்டில் பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்யவில்லை. அதனால் அந்தக் கட்டடத்தில் கடைசியாக மிஞ்சியது எங்கள் வீடு மட்டும்.

ஆளில்லாத கட்டடத்தில் குடியிருப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், நைனா. பழைய சாமான் எடுப்பவர்கள் வந்து காலி வீடுகளின் கதவையும் ஜன்னலையும் நிலையோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் வாசல் இருந்த இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் கூடம், கூடத்தின் கோடியில் இன்னோர் ஓட்டை, அதன் வழியாக எதிர் வீட்டு மாமரம். அந்தோணி விடிவதற்கு முன்பே ஓஎம்ஆர் சாலைக் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டக் கிளம்பிவிடுவார். நான் தனியாகக் குளித்து, தனியாகச் சாப்பிட்டு, அந்தப் படிகளில் இறங்குவேன். காற்று அடித்தால் முதல் மாடியில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல் இருக்கும். காற்றுதான் என்று தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் செருப்பைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பேன்.

அந்த நாட்களில்தான் காய்கள் அடியில் கறுக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு குலைக்குக் குலை. புழு என்று நினைத்து அறுத்துப் பார்த்தேன். புழு இல்லை. அழுகல் என்றால் ஒரு நாற்றமாவது வேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. மேல்பாதி சுத்தமாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். அடிப்பாதி மட்டும் செத்துப்போயிருக்கும். என் வேலை உங்களுக்குத் தெரியும். கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பா விரியும்வரை உட்காரவைப்பது. விரிந்த பாப்பாவை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். காயைத் திருப்பினால் அதே வட்டம், அதே கறுப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை.

என்னோடு வேலை செய்கிற ஷாகிதா வீட்டு மாடி முழுக்கத் தொட்டிகள். அவளிடம் ஒரு காயைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் திருப்பிப் பார்த்த உடனே சிரித்தாள்.

"இது சீக்கு இல்ல பிலோ. ஒண்ணுலேர்ந்து ஒண்ணு ஒட்டாது. தண்ணிதான் தகராறு. ஒரு நாள் ரொம்ப ஊத்தறே, ஒரு நாள் காய விடறே. அப்படிப் பண்ணா சுண்ணாம்புச் சத்து காயோட நுனிக்குப் போய்ச் சேராது. நுனி செத்துடும்."

"நான் தெனம் ஒரே அளவுதான் ஊத்தறேன்."

"அப்ப வேற யாரோ ஊத்தறாங்க" என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவள் சொன்னபடி எல்லாம் செய்தேன். கறுத்த காய்களைப் பறித்துப் போட்டேன், செடியின் தெம்பு அதில் வீணாகாமல் இருக்க. முட்டை ஓட்டைக் காயவைத்து இடித்து மண்ணில் கலந்தேன். வெயிலில் மண் சட்டென்று உலராமல் இருக்க மாமரச் சருகை வாரி வாளிகளில் பரப்பினேன். தினமும் காலையில் ஒரே குவளையால் ஒரே அளவு தண்ணீர். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். சில நாள் நான் ஊற்றப் போகும்போது மண் காய்ந்திருக்கும். வேலை முடிந்து சாயங்காலம் போய்ப் பார்த்தால் சருகு மிதக்கிற அளவுக்கு ஈரம், வாளிக்கு அடியில் தரையெல்லாம் தண்ணீர். மழை இல்லை. பங்குனி வெயில்.

பிறகு ஒரு நாள், கைப்பிடிச் சுவரின்மேல் காய்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் கறுத்த காய்கள். காம்பு கீழே, கறுப்பு மேலே. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. நான் பறித்துப் போட்டவை அல்ல. செடியிலிருந்து புதிதாகக் கிள்ளியவை. காம்பில் பச்சை இருந்தது. எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் துணியைக்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அந்தோணியிடம் சொன்னேன்.

"காக்கா எடுத்து வெச்சிருக்கும்" என்றார்.

"காக்கா வரிசையா வைக்குமா?"

அவர் மறுநாள் தானே மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மந்தைவெளி வீட்டுக்காரருக்குப் போன் செய்து எப்போது காலியாகும் என்று கேட்டார். அதிலிருந்து தெரிந்துகொண்டேன், அவருக்கும் பயம்தான்.

அடுத்த வாரம் எனக்கு வார விடுமுறை. காலைச் சமையலை முடித்துவிட்டுப் பால் வாங்க இறங்கினேன். உங்கள் வீட்டு வாசல் ஓட்டை வழியாகப் பார்வை தானாகப் போயிற்று. கூடத்துச் சுவரில் முன்பு நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. இஸ்திரி போட்ட சட்டை. கதவில்லாத, ஜன்னலில்லாத, மின்விசிறி கழற்றிய வீட்டில் அந்தச் சட்டை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகுமுன் கறை படாமல் இருக்கச் சட்டையைக் கழற்றி அந்த ஆணியில்தான் மாட்டுவீர்கள். அக்கா கற்றுக்கொடுத்த பழக்கம். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன், நைனா. பெருங்குடியில் ஏதோ ஆகிவிட்டது, எங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைத்தேன். ஓடியிருக்க வேண்டும். ஏனோ மேலேதான் ஏறினேன்.

பனியனோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். வெயில் உங்கள்மேல் அடித்தது. நிழல் தரையில் விழுந்திருந்தது. அந்த நிழலைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீங்கள் திரும்பினீர்கள். "இன்னா சரோஜா, இம்மா நேரமா?" என்றீர்கள்.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான் பார்த்தீர்கள். என் முகத்தை நேராக, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெயரைச் சொன்னீர்கள்.

"நைனா, நான் பிலோ" என்றேன். அது உங்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சுவரைக் காட்டினீர்கள். மறுபடியும் காய்கள் வரிசையாக இருந்தன.

"அடி கறுத்தத வெட்டிட்டு மிச்சத்த ரசத்துல போடலாம்னு நீதான சொன்ன? ஒனக்குன்னுதான் எடுத்து வெச்சிக்கினு கீறேன். நீ எடுக்கறதே இல்ல. காக்கா துன்னுட்டுப் போவுது."

நான் என்ன செய்வது என்று தெரியாமல் காய்களை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து உங்கள் முகம் தெளிந்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தீர்கள். என்னையும் உட்காரச் சொன்னீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டீர்கள்.

"சரோஜா, ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லுவியா?"

"கேளுங்க."

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டோம். அது எனக்கு நல்லா ஞாபகம் கீது. மாலை, பறை, முரளி மொட்டை போட்டுக்கினு நின்னது, எல்லாம். யாரு போனதுன்னு மட்டும் தெரில. முரளி வூட்ல நான் பேசனா யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. தட்டுல சோறு கீது, எதிர்ல ஆளு இல்ல. நான்தானா?"

நீங்கள் அழவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பவர்போல் கேட்டீர்கள். ஆனால் உங்கள் கை என் புடவை ஓரத்தைப் பிடித்திருந்தது. பிலோ என்று மறுபடியும் சொல்லலாம். முரளிக்குப் போன் செய்யலாம். அதற்கெல்லாம் முன்னால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"நான்தான் போனேன்" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமா. நீங்க இருக்கீங்க."

நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சை விட்டீர்கள். "அதான பாத்தேன். நான்தானோன்னு பயந்துட்டேன்" என்றீர்கள். பிறகு என்னைப் பாவமாகப் பார்த்தீர்கள். "அப்ப இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன்."

"நீயும் ஊத்தறியா? அதான் காய் அழுவுது. ரெண்டு பேரும் ஊத்தனா? போ, இனிமே நான் பாத்துக்கறேன்."

நீங்கள் சட்டை போட்டுக்கொள்ளக் கீழே இறங்கியபோது முரளிக்குப் போன் செய்தேன். அவன் அலுவலகத்திலிருந்து அப்படியே ஓடி வந்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் பூங்காவில் நடக்கப் போவதாக வேலைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறியிருக்கிறீர்கள். மகன் பெயர் மறந்த நாளில்கூட உங்கள் காலுக்கு அந்தப் பஸ் மறக்கவில்லை. "என் வீட்ல பத்திரமா இருக்கார்னு நெனச்சிட்டிருந்தேன்கா" என்று படியில் உட்கார்ந்து முரளி முகத்தைப் பொத்திக்கொண்டான். "ரோட்ல ஏதாவது ஆயிருந்தா?"

"கதவப் பூட்டி வெக்காத முரளி" என்றேன். "அந்தச் செடி எங்க இருக்கோ அங்கதான் அவர் வருவார். செடிய எடுத்துட்டுப் போ."

ஒரு குட்டி வண்டியில் வாளிகளை ஏற்றிப் பெருங்குடிக்கு அனுப்பினோம். மருமகள் தினமும் காலையில் அளந்து ஊற்றினாள். நான் எழுந்ததும் போன் செய்து ஞாபகப்படுத்துவேன். சில வாரங்களில் புதுக் காய்கள் அடி சுத்தமாக வந்தன. முரளி படம் எடுத்து அனுப்பினான். நல்ல உருண்டைக் காய்கள். நீங்கள் மட்டும் அவற்றைப் பார்த்து, "யாரு வூட்டு செடி இது?" என்று கேட்டீர்களாம். வாளி அதுதான், மண் அதுதான், குச்சியில் உங்கள் முடிச்சுக்கூட அவிழாமல் இருந்தது. நீங்கள் தொடவே இல்லை.

நாங்கள் மந்தைவெளிக்கு வந்துவிட்டோம். கட்டடத்தை இடித்தார்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் முரளி மறுபடியும் போன் செய்தான், உங்களைக் காணவில்லை என்று. நான் ஆட்டோ பிடித்து நேராக அடையாறுக்குப் போனேன். இடித்த இடத்தைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டியிருந்தது. உள்ளே செங்கல் குவியலும் முறுக்கிய கம்பிகளும். இயந்திரம் அன்று ஓடவில்லை. காவலாளி உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். நீங்கள் உட்காராமல் நின்றிருந்தீர்கள்.

"வா பிலோம்மா" என்றீர்கள். "ஆஸ்பத்திரி லீவா? அந்தோணி நல்லாக்கீறானா? மந்தவெளில தண்ணி வருதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. என் பெயர், அவர் பெயர், வீடு. பழைய நைனா திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து, போகலாம் வாங்க என்றேன்.

"இரு. அவ ஊத்தி முடிக்கட்டும்."

"யாரு நைனா?"

"சரோஜாதான். அவ பூட்டாளே, ஒனக்குத் தெரியாதா? அவளே எங்கிட்ட சொன்னா." எனக்குத் துக்கச் செய்தி சொல்பவர்போல் மெதுவாகச் சொன்னீர்கள். பிறகு தலையை நிமிர்த்தினீர்கள். வானத்தைப் பார்க்கவில்லை. நம் மொட்டை மாடி இருந்த உயரத்தை, கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தீர்கள். உங்கள் கண்கள் அந்த வெறும் காற்றில் இடமிருந்து வலமாக, ஒரு வாளியிலிருந்து அடுத்த வாளிக்கு நகர்வதுபோல், நின்று நின்று நகர்ந்தன. நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பார்வை வரிசையின் கோடியைத் தொட்டு நின்றது. "ஊத்தியாச்சி" என்றீர்கள். திரும்பி என்னோடு நடந்தீர்கள்.

நாம் நின்ற இடத்துக்கு எதிரே செங்கல் குவியலில் ஓர் ஓரம் நனைந்திருந்தது. காவலாளி பாத்திரம் கழுவிய தண்ணீராக இருக்கும். நான் அவரிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு நீங்கள் எங்கும் போகவில்லை. ஒரு மத்தியானம், பெருங்குடி வீட்டு பால்கனி நாற்காலியில், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு முரளி வாளிகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். போகும்போது வாசலில் தயங்கி நின்றான்.

"அம்மா செத்துட்டாங்கன்னு நாங்க எத்தன தடவ சொன்னோம்கா. நம்பவே இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசா அழுவார். திடீர்னு ஒரு நாள் நிறுத்திட்டார். அவளே சொல்லிட்டா, இனிமே தேட வேணாம்னார். அப்புறம் நல்லாத் தூங்கினார். யார் சொன்னாங்கன்னே தெரியல."

நான் சொன்னேன். தொட்டி நிழலில் நடந்ததை, நீங்கள் கேட்டதை, நான் சொன்ன பதிலை.

"எங்கம்மா மாதிரி பேசினீங்களா?"

"இல்ல முரளி. நான் பேசற மாதிரிதான் பேசினேன்."

அவன் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினான்.

நைனா, நான் ஜெபம் சொல்கிறவள். ஆவி, பேய் என்று பேசுகிறவர்களை வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன். இங்கே வெயில் கூடும்போது ஒன்றிரண்டு காய்கள் கறுக்கின்றன. கிள்ளிப் போட்டுவிட்டு, அன்றைக்கு ஒரு குவளை கூட்டி ஊற்றுகிறேன். அவ்வளவுதான், பயமில்லை. இன்னொன்றுதான் என்னோடு இருக்கிறது. அதை அந்தோணியிடம்கூடச் சொல்லவில்லை.

இந்தத் தெருமுனையில் மீன் விற்கிற ஒரு பெண்ணின் பெயரும் சரோஜா. சாந்தோம் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிறாள். காலையில் எதிர் வீட்டு மாடியிலிருந்து யாராவது அவளைக் கூப்பிடுவார்கள், "சரோஜா, கொஞ்சம் நில்லு" என்று. அப்போது நான் அடுப்படியில் இருப்பேன், அல்லது தலை சீவிக்கொண்டிருப்பேன். என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிவதற்கு முன்பே என் வாய் "தோ வரேன்" என்று சொல்லியிருக்கும்.